நிலை பெயரும் நிலைக்கதவுகள்

கவிதையைத் திறனாய்கிறோம், காப்பியத்தைத் திறனாய்கிறோம், சிறுகதையையும் விட்டுவைப்பதில்லை. ஒரு வீட்டின் தலைவாசலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது இத்தகைய பக்கங்களுக்குப் பொருந்துமோ என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் எண்ணம். வாசலுக்கும் ஆசிரியன் உண்டு, அவன் தச்சன். புரவலனும் உண்டு, அவன் வீட்டுக்காரன். வாசகரோ, தெருவழியே செல்லும் அனைவரும். எழுதப்படிக்கத் தெரியாதவரும் படித்துச் சுவைத்த நூல் அது. அந்நூல் இன்று ஏடேடாகப் பிரித்து விற்கப்படுகிறது. எனவே திறனாய்வாளன் வாய்மூடி இருத்தல் இயலாது.

பிரான்சு நாட்டில் அரசு பாதுகாக்கும் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலைப் புரட்டுவோர் ஒரு விந்தையைக் காண்பர். அரண்மனைகளும் பேராலயங்களும் இருக்கும் அதே பட்டியலில், பெயர் கேள்விப்படாத சிற்றூர்களின் சாதாரண வீடுகளும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றுள்ளும் சிலவற்றுக்கு வீடு முழுவதும் பாதுகாப்பில் இல்லை. படிக்கட்டு மட்டும், கூரை மட்டும், தெருவைப் பார்த்த முகப்பு மட்டும், சில இடங்களில் மறுமலர்ச்சிக் காலத்து வாசல் மட்டும் என்று குறித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் உள்ளே அடுப்பங்கரையை மாற்றிக்கொள்ளலாம், குளியலறை கட்டிக்கொள்ளலாம். ஆனால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகத் தெருவைப் பார்த்து நிற்கும் அந்தக் கல்வாசலில் கைவைக்குமுன் அரசுக்கு அறிவித்தாக வேண்டும்.

ஒரு குடியானவன் வீட்டுக்கோ சிறு வணிகன் வீட்டுக்கோ அத்தகைய வாசல் எங்கிருந்து வந்தது? வீடு முழுவதையும் செதுக்கிய கல்லால் கட்டப் பொருள் வசதி இல்லாதவன், வாசலுக்கு மட்டும் செலவிட்டான். இருபுறமும் சுவரோடு ஒட்டிய தூண்கள், அவற்றின் தலையில் இலைக்கொத்து, மேலே ஓர் உத்திரம், அதன் மேல் முக்கோண முகடு அல்லது சங்கு வடிவம். இத்தாலியில் பழைய உரோமானியக் கட்டடங்களைப் பார்த்துப் புதிதாகப் பிறந்த பாணி இது. அது மலைகடந்து சிற்றூர்க் கல்தச்சன் கைக்கு வந்துசேரப் பெரிதும் துணைநின்றது அச்சுப் புத்தகமே. செபஸ்தியானோ செர்லியோ என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பிரான்சில் குடியேறி, 1551ஆம் ஆண்டு லியோன் நகரில் வாசல்களுக்கென்றே ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். ஐம்பது வாசல்களின் படங்கள் அதில் உள்ளன. முப்பது முரட்டுப் பாணி. இருபது நயமான பாணி. படத்தைப் பார்த்துக் கல்லில் இறக்கத் தெரிந்த தச்சன் போதும். உரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் முதல் நூல் அச்சேறியது 1578இல், கொல்லத்தில். ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சமய நூல் அது. நம் தச்சர்கள் அச்சுப் படத்தைப் பார்த்து உளி பிடித்தவர்களல்லர். தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்ற கோல் கணக்கும் மனைக் கணக்கும் அவர்கள் நூல். ஆதலால் அங்கே ஒரு வாசல் அழிந்தால் அதன் மாதிரி புத்தகத்திலேனும் எஞ்சும். இங்கே அழிந்தால் மூலப்படியே தொலைந்தது என்று பொருள். இந்த வேறுபாட்டை முன்வைத்தே மேலே செல்ல விரும்புகிறோம்.

பிரான்சில் இந்தப் பாதுகாப்புப் பணி ஓர் இலக்கியக்காரர் கையில் வளர்ந்தது என்பதையும் இங்கே குறிப்பிடுவது தகும். வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவி 1830இல் ஏற்பட்டது. 1834இல் அப்பதவிக்கு வந்தவர் புரோஸ்பர் மெரிமே. ‘கார்மென்’ என்னும் புகழ்பெற்ற கதையை எழுதியவர் அவரே. வண்டியேறி நாடு முழுவதும் சுற்றி, இடிந்தும் இடியாமலும் நின்றவற்றைக் கணக்கெடுத்தார். இன்று அந்நாட்டுக் கட்டடச் சின்னங்களின் தகவல் தொகுப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. விக்டர் ஹியூகோவும் இடிப்போரை எதிர்த்து 1832இல் கடுமையாக எழுதினார். எழுத்தாளர்கள் கட்டடத்தைத் தம் துறைக்குப் புறம்பானதாகக் கருதவில்லை.

ஆயினும் உணர்ச்சி மட்டும் ஒரு வாசலைக் காப்பதில்லை, சட்டம் வேண்டும். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம், ஒரு கட்டடத்தை முழுமையாகவோ பகுதியாகவோ பாதுகாக்கலாம் என்று வகை செய்தது. ‘பகுதியாகவோ’ என்னும் அந்த ஒரு சொல்லில்தான் சிற்றூர் வாசல்களின் உயிர் இருக்கிறது. முழு வீட்டையும் காக்க முனைந்திருந்தால் வீட்டுக்காரன் எதிரியாகியிருப்பான். அரசின் பணமும் போதாது. வாசலை மட்டும் காத்ததால் வீடு அவனுடையதாகவே இருந்தது. அவன் பிள்ளைகளும் அதே வாசலில் நுழைந்து வெளிவந்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் போகாமல் ஒரு கலைப்பொருள் தன் இடத்திலேயே பிழைத்திருக்க இதைவிட எளிய வழியை நாம் அறியோம். (அதே அரசுதான் 1798 முதல் 1926 வரை கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரு கையால் அணைத்து மறு கையால் கிள்ளுவது எல்லா அரசுகளுக்கும் பொதுவான பழக்கம் போலும்.)

இனி நம் ஊருக்கு வருவோம்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் இன்று சிற்றூர்களல்ல. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் தொட்டு, ஏரியும் வயலும் மனையாகிக்கொண்டே வந்தன. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியாயின. மேடவாக்கத்தை அடுத்து வேங்கைவாசல் என்றோர் ஊர் உண்டு. பெயரிலேயே வாசலைத் தாங்கிய அவ்வூரிலும் இன்று நாம் காண்பது அடுக்குமாடி வீடுகளின் இரும்புக் கதவுகளே.

பாதுகாக்கப்பட்டவை இப்பகுதியில் இல்லாமலில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்றுதான் பிறந்தது. பல்லாவரத்தின் பெருங்கற்காலப் புதைகுழிகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும் அவ்வாறே. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், 2010இல் அதற்கு வந்த திருத்தமும் கூறுவது யாதெனில், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டலாகாது. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பிரான்சிலும் 1943 முதல் இத்தகைய வட்டம் உண்டு. அங்கே அது 500 மீட்டர். ஆனால் அங்கே அந்த வட்டத்துக்குள் வீடு கட்டத் தடையில்லை. சின்னத்தின் தோற்றத்துக்கு ஊறு வராத வகையில் எவ்வாறு கட்டுவது என்று சொல்ல ஒருவர் இருக்கிறார், அவ்வளவே. நம் சட்டமோ அளவுகோலை வைத்துக் கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு உள்ளே எதுவும் கூடாது. கோட்டுக்கு வெளியே எதுவும் ஆகலாம். மூவாயிரம் ஆண்டுப் புதைகுழிக்கு அருகே வாழ்பவன் தன் வீட்டுக்கு மேல்மாடி எடுக்க இயலாது. நூற்றைம்பது ஆண்டுத் தேக்கு நிலைவாசலை உடையவன் அதை நாளைக் காலையில் பெயர்த்தெடுத்து விறகாக்கினாலும் கேட்பாரில்லை.

இதைவிட வேடிக்கையான ஒன்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தில் இருக்கிறது. 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. தொல்பொருள் என்றால் என்ன என்று விளக்கவந்த அச்சட்டம், கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ பெயர்த்தெடுக்கப்பட்ட பொருளையும் நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையதாயின் தொல்பொருளாகக் கணக்கிடுகிறது. தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. அதை விற்பனை செய்யும் வணிகர் உரிமம் பெறவேண்டும். நோக்கம் நல்லதே, கோயிற் சிலைகளைக் கடத்துவோரை மனத்திற்கொண்டு எழுதியது. ஆனால் ஒரு வீட்டு வாசலின் நிலையிலிருந்து இதைப் படித்துப் பாருங்கள். வீட்டோடு ஒட்டி நிற்கும்வரை அதைச் சட்டம் அறியாது. பெயர்த்தெடுத்த அந்தக் கணத்தில்தான் அது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது! உயிரோடிருக்கையில் பெயர் பதியாமல், சவமானபின் பதிவு செய்வதை ஒத்தது இது.

மாநிலச் சட்டங்களும் இல்லாமலில்லை. 1966இல் ஒன்று வந்தது. கோயில், கோட்டை, கல்வெட்டு என்று அதன் கவனம் சென்றது. மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்க 2012இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அது நெடுநாள் ஏட்டிலேயே உறங்கியது. சென்னை நகருக்குள் மரபுக் கட்டடப் பட்டியல்கள் உருவாக, உயர்நீதிமன்றத்தின் தலையீடு தேவைப்பட்டது. அவற்றிலும் பொதுக் கட்டடங்களே முன்னிற்கின்றன. கிராமத்து வீட்டின் வாசலுக்கு, அதுவும் வாசலுக்கு மட்டும், பாதுகாப்பு என்னும் எண்ணம் நம் சட்ட அறிஞர்களின் மனவாசலில் இன்னும் நுழையவில்லை.

சட்டம் காக்காததைச் சந்தை கவனித்துக்கொண்டது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே செல்லுங்கள். சாலையின் இருமருங்கிலும் உல்லாச விடுதிகளும் உணவகங்களும். அவற்றுள் சிலவற்றின் முகப்பில் செட்டிநாட்டிலிருந்து வந்த தேக்கு நிலைகள் நிற்கக் காணலாம். சிலவிடத்துக் கதவு கண்ணாடி போர்த்த மேசையாகப் படுத்திருக்கும். சிலவிடத்து நிலை, முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகியிருக்கும். காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைகள் ஒரு தெருவையே நிறைத்திருக்கின்றன. ஒரு மாளிகை இடிபட்டால் தூண், உத்திரம், சன்னல், கதவு, பீங்கான் ஓடு என்று தனித்தனியே தரம்பிரித்து அங்கே வந்துசேர்கிறது. கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் வாங்காவிட்டால் மரம் அறுக்கும் பட்டறை வாங்கும். பர்மாத் தேக்கின் விலை அப்படி.

அந்தச் செட்டிநாட்டு வாசல்களைத் தமிழகத்தின் மறுமலர்ச்சி வாசல்கள் என்றே நாம் கூறுவோம். மாளிகையின் வெளிமுகப்பில் சுண்ணச்சாந்தால் செய்த ஒட்டுத்தூண்கள், வளைவுகள், முகடுகள் எல்லாம் இத்தாலியப் பாணியின் பேரன் பேத்திகள். சென்னையிலும் இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்காரன் கட்டிய கட்டடங்களைப் பார்த்து வந்த வணிகர், ஊரில் அவற்றைத் தம் மேஸ்திரிக்குச் சொல்லிச் செய்வித்தவை. திண்ணையைக் கடந்து தலைவாசலுக்கு வந்தாலோ பாணி மாறிவிடுகிறது. பர்மாத் தேக்கில் கனத்த நிலை. அடுக்கடுக்காகக் கொடியும் பூவும் மணிவரிசையும். நெற்றிப்பலகையின் நடுவில் கஜலட்சுமி. வெளியே ஐரோப்பா, உள்ளே காரைக்குடி. இரண்டும் சண்டையின்றி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தற்காலிகப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பதற்கான சீட்டு மட்டுமே. அதைக் காட்டி எந்த வாசலையும் காக்க முடியாது.

விடுதிகளைக் கடந்து முட்டுக்காட்டுக்கு வந்தால் தட்சிணசித்ரா. சென்னைக் கைவினை அறக்கட்டளை 1984இல் தொடங்கப்பட்டது. தெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் இவ்விடம் 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அமைப்பைத் திட்டமிட்டவர் லாரி பேக்கர். தென்னாட்டின் பல பகுதிகளிலும் இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, கல்லையும் மரத்தையும் கழற்றிக் கொண்டுவந்து, அந்தந்த மரபுத் தச்சரையே கொண்டு மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். 1891இல் சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த வழி இது. அங்குள்ள செட்டிநாட்டு வீட்டின் வாசலைப் பார்த்தவர், விடுதி முகப்பில் நிற்கும் நிலையை இனி மதிக்கமாட்டார். ஏனெனில் இங்கே வாசலுக்கு முன்னே திண்ணை இருக்கிறது; பின்னே முற்றம் இருக்கிறது. வெளிச்சம் முற்றத்தில் விழுந்து வாசல்வழியே திண்ணைக்கு எட்டுகிறது. நிலை ஏன் அவ்வளவு அகலம், உள்ளே போகும்போது தலை ஏன் சற்றுக் குனிகிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தானே விளங்குகிறது. நூலைப் பாதியளவேனும் தொடர்ந்து படிக்க வாய்க்கிறது. இதைச் செய்தவர்களுக்கு நம் நன்றி உரியது.

ஆயினும் திறனாய்வு என்று வந்தபின் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, வாசலுக்கு எதிர்வீடு வேண்டும். ஊரில் அந்த வாசல் எதிர்வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. அதற்குப் போட்டியாக எழுந்தது. அதனோடு நல்லது கெட்டது பேசியது. தெருவே இல்லாத இடத்தில் தலைவாசல் சற்றே ஊமையாகிறது. கதவுக்குரிய மற்றொரு வேலையும் இங்கே நின்றுபோயிற்று. பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்தபின் நுழைவது நாம் சிறுவயதிலேயே கற்ற ஒழுக்கம். மும்முறை அழைத்தும் விடையில்லையேல் திரும்பிவிட வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் எவரும் யாரையும் கேளாமல் நுழையலாம். இது திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் முறைக்கே உரிய குறை. முட்டுக்காட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இதைப் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டாவதைப் பெரிதுபடுத்தவே விரும்புகிறோம். தமிழ்நாட்டுப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் வீடு இருக்கிறது. அக்கிரகார வீடு இருக்கிறது. காஞ்சிப் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு இருக்கின்றன. கேரளப் பகுதியில் சிரியன் கிறித்தவர் வீடு இருக்கிறது. கர்நாடகப் பகுதியில் சிக்கமகளூரிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வரிசையில் காயலோ கீழக்கரையோ அதிராம்பட்டினமோ நாகூரோ இல்லை. தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் பள்ளிப் பேருந்தில் ஏறி வரும் நம் பிள்ளை, முஸ்லிம் வீடு என்றால் அது வேற்று மாநிலத்து வீடு என்று எண்ணிக்கொண்டு திரும்புமல்லவா? இது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று நாம் கருதவில்லை. எந்த வீடு இடிபடவிருந்தது, எதை வாங்க முடிந்தது, எதற்குப் பணம் கிடைத்தது என்பதைப் பொறுத்தே இத்தகைய தொகுப்புகள் அமைகின்றன. எனினும் விளைவு விளைவுதான்.

அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய வாசல் எத்தகையது? அதே தேக்கு, பெரும்பாலும் அதே கம்மாளர் உளி. கடலோர ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் கோயில்கட்டும் கற்றச்சரின் தூண்களையும் போதிகைகளையும் கொண்டு, உருவங்களை மட்டும் நீக்கி எழுந்தவை என்பதை டாக்டர் ஜெ. ராஜாமுகம்மது, மெஹர்தாத் ஷொகூஹி முதலியோரின் ஆய்வுகள் நன்கு நிறுவியுள்ளன. வீட்டு வாசலிலும் அதே நெறிதான். நெற்றிப்பலகையில் கஜலட்சுமி அமர்ந்த இடத்தில் நம் வீட்டில் பூக்கொடி படர்ந்தது. வட்டமும் நட்சத்திரமும் கோத்த கோலம் வந்தது. தச்சன் தன் கலையை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொரு சொல்லைப் பெய்தான். கடலின் மறுகரையில் சான்சிபாரிலும் இதுபோன்ற செதுக்குக் கதவுகள் உண்டு. இந்தியத் தச்சரின் கைவண்ணமும் அவற்றில் கலந்திருக்கிறது. அந்தக் கல்நகர் 2000இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே கதவுகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள்.

காயலிலும் கீழக்கரையிலும் இன்னொரு நுட்பமும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் அங்கே நெடுநாள் வழக்கம். எனவே வீடு பெண்ணுடையது. ஆனால் அப்பெண் தெருவுக்கு வந்து தலைவாசல்வழியே பிற வீடுகளுக்குப் போய்வருவதில்லை. காயலில் வீடுகளுக்குப் பின்னே ஓடும் முடுக்குகளே பெண்களின் தெரு. செதுக்கு வேலையெல்லாம் கொண்ட முன்வாசலில் ஆண்கள் புழங்கினார்கள். உரிமைப் பத்திரமோ உம்மாவிடமிருந்து மகளுக்குப் போயிற்று. தன் பெயரிலுள்ள வாசலை வெளியே நின்று நிதானமாகப் பார்க்காமலே எத்தனையோ மூதாட்டிகள் வாழ்ந்து முடித்திருப்பார்கள். பாதுகாப்பு பற்றிப் பேசும் ஆண்கள் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். முடுக்கையும் சேர்த்துக் காவாமல் முன்வாசலை மட்டும் காப்பது பாதி வீட்டைக் காப்பதேயாகும்.

இந்த வீடுகள் ஏன் விற்கப்படுகின்றன என்பது வாசகர் யாவரும் அறிந்ததே. 1942இல் சப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த நம்மவர் கடைகளை விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். தேக்கும் அதோடு நின்றது, அதை வாங்கும் செல்வமும் நின்றது. பின்னர் வளைகுடா வந்தது. பிள்ளைகளின் படிப்பு வந்தது. குடும்பங்கள் சென்னைக்குப் பெயர்ந்தன. சேலையூரிலும் பல்லாவரத்திலும் இரண்டு படுக்கையறை வீட்டில் வாழ்பவர், ஊரில் பூட்டிக்கிடக்கும் நாலுகட்டு வீட்டுக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்ற எங்கே போவார்? வாரிசுரிமைப் பங்கு வேறு. பணத்தைப் பங்கிடலாம், மனையைப் பங்கிடலாம், ஒரு நிலைக்கதவை ஏழு பேருக்கு எப்படிப் பங்கிடுவது? விற்றுப் பணமாக்கினால்தான் ஷரீஅத் சொன்னபடி அவரவர் பங்கு அவரவர் கைக்குப் போகும். ஆகவே விற்றவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பழிப்பவரில் பலர் தம் பங்கை முன்னரே வாங்கிக்கொண்டவராக இருப்பதையும் கண்டிருக்கிறோம்.

பிரெஞ்சுச் சட்டம் பிறந்த அதே 1913ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் முஸ்லிம் வக்பு செல்லுபடிச் சட்டமும் வந்தது என்பது ஒரு தற்செயல். குடும்பத்தார் நலனுக்காகச் செய்யும் வக்பு செல்லாது என்று 1894இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான அறத்துக்கோ சேர்வதாயின் அது செல்லும் என்று இச்சட்டம் மீட்டுக் கொடுத்தது. பழைய வாசலை வக்பு செய்யுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்களின் பங்கைப் பறிக்க அவ்வழி பயன்பட்டதும் உண்டு, 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குறிப்பிட்டே தடுக்கிறது. நாம் சுட்டுவது வேறு. ஒரு பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதைக் காக்கும் பொறுப்பு மற்றொன்று என்று இரண்டையும் பிரித்து நினைப்பது பிரான்சிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய எண்ணமன்று. நம் சமுதாயம் பல நூற்றாண்டுகளாக அந்த எண்ணத்தோடு வாழ்ந்திருக்கிறது. கிணற்றுக்கும் தென்னந்தோப்புக்கும் முஸாபர்களுக்கான தங்குமடத்துக்கும் அதைப் பயன்படுத்தினோம்; வாசலுக்குப் பயன்படுத்தத் தோன்றவில்லை, அவ்வளவே.

மற்றொரு குறையும் நம்முடையது. சீறாப்புராணத்தின் நகரப் படலத்தை அரங்கேற்றியும் பதிப்பித்தும் பட்டிமன்றம் வைத்தும் போற்றியவர்கள் நாம். உமறுப்புலவரைப் புரந்த சீதக்காதி வள்ளலின் கீழக்கரையிலும் அண்டை ஊர்களிலும் எஞ்சி நிற்கும் பழைய வீட்டு வாசல்கள் எத்தனை என்று கேட்டால், எடுத்து நீட்ட ஒரு குறிப்பேடு நம்மிடம் இல்லை. பாட்டின் பிரதிபேதத்துக்கு ஆறு அடிக்குறிப்பு எழுதிய அறிஞர், தாம் தங்கியிருந்த வீட்டின் நிலையைப் பற்றி ஓர் அடி எழுதியதில்லை. பள்ளிவாசல்களைப் பற்றியேனும் சில நூல்கள் வந்துள்ளன. வீடுகள் பாடலுக்கும் வரலாற்றுக்கும் நடுவில் விழுந்துபோயின.

தாம்பரத்துப் பக்கத்திலேயே பரங்கிமலையில் 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயம் நிற்கிறது. மயிலாப்பூரில் லஸ் ஆலயம் 1516ஐச் சேர்ந்தது. அவை பிரான்சின் வாசல்களுக்குச் சமகாலத்தவை. ஆலயமாக இருந்ததால், வழிபடுவோர் இருந்ததால், அவை பிழைத்தன. வீட்டு வாசலுக்கு அந்தத் துணை கிடையாது. அதைக் காப்பது ஒரு குடும்பத்தின் மனநிலை மட்டுமே. அந்த மனநிலைக்குக் கைகொடுக்க ஒரு சட்டம் வருமானால், அதில் ‘பகுதியாகவோ’ என்னும் சொல் இருக்க வேண்டும் என்று நாம் வேண்டுகிறோம். வாசலும் திண்ணையும் மட்டும், முகப்பும் முடுக்கும் மட்டும் என்று பதிவு செய்யவும், அதற்கான பழுதுச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கவும் வழி இருந்தால் ஊர்களில் பத்துப் பேராவது முன்வருவர். 100 மீட்டர் வட்டத்தைக் காட்டி அச்சுறுத்தினால் ஒருவரும் வரமாட்டார். வாசலை இரவோடிரவாகக் கழற்றிவிடுவார்கள்.

சட்டம் வரும்வரை விற்பனை நிற்கப்போவதில்லை. விற்கத்தான் வேண்டும் என்றானபின், கதவைக் கழற்றுமுன் செய்யக்கூடியவை சில உள. வீடு நிற்கும்போதே, திண்ணையும் தெருவும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எடுக்கும் படத்தில் கதவு மட்டுமே இருக்கும். நிலையின் உயரம், அகலம், கனம், குடுமி சுழலும் கல்லின் அளவு இவற்றைக் குறித்துவையுங்கள். தேக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, தச்சர் எந்த ஊர்க்காரர், எந்தப் பெண்ணின் திருமணத்துக்காக வீடு எழுந்தது என்பதெல்லாம் பெத்தும்மாமார்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்தில் வையுங்கள். முட்டுக்காட்டில் தமிழ்நாட்டு வரிசையில் ஒரு கடலோர வீடு இல்லையென்று எழுதினோம். இடிக்கப்போகும் வீட்டைப் பற்றிப் பழம்பொருள் கடைக்குச் சொல்லியனுப்புமுன் அவ்விடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பதற்கு ஓர் அஞ்சல்தலைக்கு மேல் செலவில்லை.